டிவியில் படம் வருகிறது, ஆம்பில் சத்தம் வரவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் தெரிந்தவர்கள் கூப்பிட்டு நான் அதிகம் போய்ப் பார்த்த கோளாறு இது. புது டிவி வாங்கிச் சுவரில் மாட்டியிருப்பார்கள். பழைய ஆம்பும் பெரிய ஸ்பீக்கரும் நல்ல நிலையில்தான் இருக்கும். இரண்டையும் இணைத்தால் சத்தம் வராது. வந்தாலும் விட்டுவிட்டு வரும், இல்லையென்றால் கூடவே ஓர் உறுமல் வரும். உடனே யாராவது "டிவி போர்டு போயிடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் போர்டு போயிருக்காது. மெனுவில் ஒரு செட்டிங், வயர் முனையில் கழற்றாமல் விட்ட மூடி, தப்பான துளை, இதில் ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும். போர்டு மாற்றப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்கும் முன் கீழே உள்ளதை வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## கை வைப்பதற்கு முன்

ஆம்ப் வால்யூமை நன்றாகக் குறைத்துவிடுங்கள். செட்டிங் மாற்றும்போது சில நேரம் முழு வேகத்தில் இரைச்சல் பாயும். ட்வீட்டர், அதாவது கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர், ஒரே நொடியில் எரிந்துபோகலாம்.

எச்டிஎம்ஐ வயரைச் சொருகவோ பிடுங்கவோ வேண்டுமானால், டிவி, ஆம்ப், செட்டாப் பாக்ஸ் மூன்றின் பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டுச் செய்யுங்கள். ரிமோட்டில் ஆஃப் செய்வது போதாது. எர்த் சரியில்லாத வீட்டில் டிவியின் உலோகப் பகுதியில் லேசான கசிவு மின்சாரம் நிற்கும். வயரைச் சொருகும் நேரத்தில் ஒரு சின்னப் பொறி பறந்தால் போதும், எச்டிஎம்ஐ ஐசி காலி. ஆப்டிகல் வயருக்கு இந்தப் பயம் இல்லை. அதில் மின்சாரமே போவதில்லை, ஒளிதான் போகிறது.

அப்புறம் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் கோளாறு செட்டாப் பாக்ஸிலோ சேனலிலோ இருக்கிறது. ஆம்பைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக ஆம்பின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். சின்ன மூடி போட்ட சதுரத் துளை இருந்தால் அது ஆப்டிகல். ஆரஞ்சு வளையம் போட்ட ஒற்றைத் துளை கோஆக்ஸியல். எச்டிஎம்ஐ துளையின் பக்கத்தில் ஏஆர்சி என்று அச்சடித்திருந்தால் அதுவும் டிவி சத்தத்தை வாங்கிக்கொள்ளும். சிவப்பு வெள்ளைத் துளைகள் மட்டும்தான் இருக்கிறதென்றால் நடுவில் ஒரு டிஏசி, அதாவது கடையில் "ஆப்டிகல் கன்வர்ட்டர்" என்று கேட்டால் கொடுக்கும் சின்னப் பெட்டி வேண்டும். நம் ஊரில் கைவேலையாகக் கட்டித் தரும் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர்) அசெம்பிள்டு ஆம்ப்களில் பலவும் இந்த வகைதான். உள்ளே டால்பி சத்தத்தைப் பிரிக்கும் டிகோடர் போர்டு போட்டிருக்கிறார்களா, ஸ்டீரியோவையே பல ஸ்பீக்கருக்குப் பிரித்து விடும் வெறும் புரோலாஜிக் போர்டா என்று கட்டிக் கொடுத்தவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் அது தேவைப்படும்.

## அறிகுறி: ஆப்டிகல் வயர் போட்டிருக்கிறது, சத்தமே இல்லை

வயரின் ஆம்ப் பக்க முனையை மட்டும் கழற்றிப் பாருங்கள். நுனியில் சிவப்பு ஒளி தெரிய வேண்டும். கண்ணுக்கு மிக அருகில் வைத்து உற்றுப் பார்க்க வேண்டாம். உள்ளங்கையில் காட்டினாலே சிவப்புப் புள்ளி விழும்.

சிவப்பு ஒளி இல்லை என்றால்

முதலில் மெனு. டிவி செட்டிங்ஸில் சவுண்ட் அவுட்புட் என்ற இடத்தில் "டிவி ஸ்பீக்கர்" என்றிருந்தால் "ஆப்டிகல்" அல்லது "ஆடியோ சிஸ்டம்" என்று மாற்றுங்கள். சில டிவிகளில் இதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் ஒளியே வரும்.

அடுத்தது மூடி. புது வயரின் இரண்டு முனைகளிலும் நிறமில்லாத சின்ன பிளாஸ்டிக் உறை இருக்கும். அது கண்ணாடி மாதிரி தெரிவதால் வயரின் பாகம் என்றே நினைத்து அப்படியே அழுத்திச் சொருகிவிடுகிறார்கள். உறையோடு முழுசாக உள்ளே போகாது. கழற்றிவிட்டுச் சொருகுங்கள், "டக்" என்று உட்காரும். முனையின் இரண்டு மூலைகள் வெட்டியிருக்கும், ஒரு பக்கமாகத்தான் நுழையும். திருப்பி வைத்து அழுத்தினால் துளையின் மூடி உடைந்து உள்ளே போய் ஒளியை மறைக்கும்.

அப்புறம் மடிப்பு. சுவரில் ஒட்டி மாட்டிய டிவிகளில் ஆப்டிகல் துளை நேராகப் பின்பக்கம் பார்த்திருந்தால் வயர் சுவரில் இடித்து ஒடிந்த மாதிரி மடங்கும். வெளித்தோல் நன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இழை வெடித்திருக்கும். வயரை முழுசாகக் கழற்றி, ஒரு முனையில் மொபைல் டார்ச்சைக் காட்டுங்கள். மறுமுனையில் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் வயர் நல்லது. மங்கலாகவோ இருட்டாகவோ இருந்தால் வயரை மாற்றுங்கள். எலி கடித்த வயரும் இந்தச் சோதனையில் பிடிபடும். மாற்றும்போது டிவி பக்கத்துக்கு எல் வடிவ ஆப்டிகல் அடாப்டரும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். 5 மீட்டருக்குள் இருக்கும் வயராகவே பாருங்கள். 10 மீட்டர் வயரும் விற்கிறார்கள், ஆனால் மலிவான 10 மீட்டர் வயரில் சத்தம் அறுந்து அறுந்து வரும்.

வயர் நல்லது, மெனு சரி, இருந்தும் டிவி துளையில் ஒளியே இல்லை என்றால் டிவிக்குள் இருக்கும் ஆப்டிகல் மாட்யூல் போயிருக்கலாம். வாரண்டி இருந்தால் டிவியைத் திறக்க யாரையும் விடாதீர்கள், கம்பெனி சர்வீஸுக்குச் சொல்லுங்கள். வாரண்டி முடிந்திருந்தால் நல்ல டிவி மெக்கானிக் அந்தச் சின்ன மாட்யூலை மட்டும் கழற்றி வேறு சால்டர் செய்து தருவார். அதற்காக மெயின் போர்டையே மாற்றச் சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள். டிவியில் ஏஆர்சி துளை வேலை செய்தால் அந்தச் செலவும் வேண்டாம்.

சிவப்பு ஒளி வருகிறது, சத்தம்தான் இல்லை என்றால்

ஆம்பில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா? ஆப்டிகல் 1, ஆப்டிகல் 2 என்று இரண்டு துளை உள்ள ஆம்ப்களில் வயர் ஒன்றில் இருக்கும், இன்புட் மற்றதில் இருக்கும். பழைய ஏவி ஆம்ப்களில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் "அனலாக்", "டிஜிட்டல்" என்று தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். "டிவி" இன்புட்டை அழுத்தியும் அது அனலாக்கிலேயே நின்றுகொண்டிருக்கும்.

இதெல்லாம் சரி என்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள். காரணம் அநேகமாக அங்கேதான் இருக்கிறது.

## அறிகுறி: யூடியூபில் சத்தம் வருகிறது, படம் பார்க்கும் ஆப்பில் வரவில்லை, அல்லது "சர்ர்ர்" என்று பெரிய இரைச்சல்

இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகள் தீரும். டிவி இரண்டு விதமாகச் சத்தத்தை அனுப்பும். பிசிஎம் என்பது பிரித்துத் தயாராக வைத்த ஸ்டீரியோ சத்தம், எந்த டிஏசிக்கும் புரியும். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்பவை சுருக்கிக் கட்டிய பொட்டலம், பிரிக்கத் தெரிந்த டிகோடர் உள்ள ஆம்புக்குத்தான் புரியும். சாதாரண கன்வர்ட்டர் பெட்டிக்கு டால்பி போனால் ஒன்று மௌனம், இல்லையென்றால் காது கிழியும் இரைச்சல்.

செய்ய வேண்டியது: டிவி செட்டிங்ஸ், சவுண்ட், அதற்குள் "எக்ஸ்பர்ட்" அல்லது "அட்வான்ஸ்டு", அதற்குள் "டிஜிட்டல் ஆடியோ அவுட்" அல்லது "டிஜிட்டல் அவுட்புட் ஃபார்மட்". அங்கே ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம், பாஸ் த்ரூ (கடைசி இரண்டும் பொட்டலத்தைப் பிரிக்காமல் அனுப்புபவை) என்று எது இருந்தாலும் பிசிஎம் ஆக மாற்றுங்கள். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பிசிஎம் என்ற சொல் மட்டும் பெரும்பாலானவற்றில் அப்படியே இருக்கும்.

மாற்றியும் ஒரு ஆப்பில் மட்டும் சத்தம் இல்லையா? அந்த ஆப்பின் உள்ளேயே ஆடியோ மொழியைத் தேர்வு செய்யும் இடத்தில் 5.1 என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, 5.1 போடாத தமிழ் ஆடியோவைத் தேர்ந்தெடுங்கள்.

செட்டாப் பாக்ஸ் சேனலில் மட்டும் இல்லையா? செட்டாப் பாக்ஸுக்கும் தனி மெனு உண்டு. அதிலும் ஆடியோ என்ற இடத்தில் டால்பி என்றிருந்தால் பிசிஎம் அல்லது ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். டிவியில் மாற்றிவிட்டு இதை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

பென்டிரைவில் உள்ள படத்துக்கு மட்டும் சத்தம் இல்லை, டிவி ஸ்பீக்கரிலும் இல்லை என்றால் அந்தப் படத்தின் ஆடியோ டிடிஎஸ் ஆக இருக்கும். பல டிவிகளில் டிடிஎஸ் பிரிக்கும் வசதியே கிடையாது. டிவியிலும் ஆம்பிலும் பழுதில்லை. வேறு ஆடியோ உள்ள கோப்பைப் போட்டுப் பாருங்கள்.

ஆரஞ்சு கோஆக்ஸியல் துளையில் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அது அனலாக் துளை போலவே இருப்பதால் அங்கிருந்து வயர் எடுத்து ஆம்பின் சிவப்பு இன்புட்டில் சொருகிவிடுகிறார்கள். அப்படிப் போட்டாலும் இரைச்சல்தான் வரும், அல்லது ஒன்றுமே வராது. ஆரஞ்சிலிருந்து ஆரஞ்சுக்குத்தான் போக வேண்டும். இதற்குத் தனி வயர் வாங்க வேண்டியதில்லை. பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் வீடியோ வயர் 75 ஓம் வகை, அதுவே போதும்.

டிகோடர் உள்ள ஏவி ஆம்ப் வைத்திருப்பவர்கள் பிசிஎம்மில் சத்தம் வருவதை உறுதி செய்துகொண்டு, பிறகு பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றிப் பாருங்கள். பிசிஎம்மில் வந்து பிட்ஸ்ட்ரீமில் வரவில்லை என்றால் வயரும் துளையும் நல்லவை என்று நிச்சயமாகத் தெரிந்துவிடும்.

## அறிகுறி: சத்தம் அறுந்து அறுந்து வருகிறது

எப்போது அறுகிறது என்று கவனியுங்கள்.

படத்துக்கும் விளம்பரத்துக்கும் இடையிலோ, ஆப் மாறும்போதோ ஒரு நொடி போய் ஆம்பில் "டிக்" என்று ரிலே சத்தம் கேட்டால், டிவி டால்பிக்கும் பிசிஎம்முக்கும் மாறி மாறிப் போகிறது. ஆட்டோவை விட்டு பிசிஎம்மில் நிறுத்துங்கள், தீர்ந்தது.

யாராவது நடக்கும்போதோ ஷெல்ஃபைத் தொடும்போதோ அறுந்தால் முனை சரியாக உட்காரவில்லை. துளைக்குள் தூசி இருந்தாலும் இப்படி ஆகும். கேமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பம்ப்பால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும். குச்சியோ ஊசியோ உள்ளே விடவே கூடாது.

அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் அறுந்தால் சூடு. மலிவான கன்வர்ட்டர் பெட்டியைச் சூடான ஆம்பின் தலையில் வைத்திருப்பார்கள். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் மூடிய மர ஷோகேஸுக்குள் இன்னும் மோசம். பெட்டியைக் கீழே எடுத்து வைத்து ஒரு நாள் பாருங்கள். அப்படியும் அறுந்தால் பெட்டிக்குக் கொடுத்த 5 வோல்ட் சார்ஜரை மாற்றுங்கள், கடைசியாகப் பெட்டியை.

## அறிகுறி: எச்டிஎம்ஐ ஏஆர்சியில் சத்தம் வரவில்லை

ஒரு நாளும் வந்ததே இல்லை என்றால்

துளைதான் முதல் சந்தேகம். டிவியில் இருக்கும் மூன்று நான்கு எச்டிஎம்ஐ துளைகளில் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் ஏஆர்சி அல்லது ஈஏஆர்சி (அதன் புதிய வடிவம்) என்ற எழுத்து இருக்கும். அதில்தான் சொருக வேண்டும். ஆம்ப் பக்கத்தில் இன்னொரு குழப்பம். சத்தம் ஆம்புக்கு உள்ளே வருவதால் எல்லோரும் எச்டிஎம்ஐ இன் துளையில் சொருகுகிறார்கள். தப்பு. ஆம்பின் எச்டிஎம்ஐ அவுட் துளையில்தான் சொருக வேண்டும். படம் வெளியே போகும் அதே வயரில் சத்தம் திரும்பி வருவதுதான் ஏஆர்சி.

ஆம்ப் எந்த ஆண்டு வாங்கியது? ஏஆர்சி 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-உடன்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆம்பில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் ஏஆர்சி இருக்காது. எத்தனை வயர் மாற்றினாலும் பலன் இல்லை, ஆப்டிகலுக்குப் போய்விடுங்கள். ஆப்டிகல் துளை 1983-ல் தோஷிபா கொண்டுவந்தது. அதே அளவு இன்னும் மாறவில்லை என்பதால் 1990-களின் ஆம்பிலும் இன்றைய டிவியிலும் ஒரே வயர் பொருந்தும்.

துளை சரி என்றால் சிஇசியை, அதாவது எச்டிஎம்ஐ வயர் வழியே ஒரு சாதனம் இன்னொன்றைக் கட்டுப்படுத்தும் வசதியை, ஆன் செய்யுங்கள். மெனுவில் சிஇசி என்று நேராக இருக்காது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர். ஆம்பில் "எச்டிஎம்ஐ கன்ட்ரோல்" என்று இருக்கும், பக்கத்திலேயே ஏஆர்சி என்று தனி ஆன்-ஆஃப்பும் இருக்கும். இரண்டு பக்கமும் ஆன் ஆக வேண்டும். பிறகு டிவியின் சவுண்ட் அவுட்புட்டை எச்டிஎம்ஐ ஏஆர்சிக்கு மாற்றுங்கள்.

கன்வர்ட்டர் பெட்டி வாங்கியவர்கள் பெட்டியின் பெயரைப் படியுங்கள். "எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர்" என்று விற்பவற்றில் பல ஏஆர்சியை எடுக்காது. செட்டாப் பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவில் வைப்பதற்காகச் செய்தவை அவை. டிவியின் ஏஆர்சி துளையிலிருந்து சத்தம் எடுக்க "ஏஆர்சி" என்று தெளிவாகப் போட்ட பெட்டிதான் வேண்டும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

நேற்று வரை வந்தது, கரண்ட் போய் வந்த பிறகு இல்லை என்றால்

நம் பக்கத்தில் இது சர்வ சாதாரணம். ஏஆர்சியில் டிவியும் ஆம்பும் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டு பேசிக்கொண்டால்தான் சத்தம் ஓடும். கரண்ட் டப்பென்று போய் டப்பென்று வரும்போது அந்தப் பேச்சு அறுந்துவிடும்.

முதலில் சவுண்ட் அவுட்புட் "டிவி ஸ்பீக்கர்" என்று தானாக மாறியிருக்கிறதா பாருங்கள். மாற்றியும் வரவில்லையென்றால் டிவி, ஆம்ப், செட்டாப் பாக்ஸ், ஸ்டிக் (டிவியில் சொருகும் ஸ்ட்ரீமிங் கருவி) எல்லாவற்றின் பிளக்கையும் எடுத்து, எச்டிஎம்ஐ வயர்களையும் கழற்றி, 5 நிமிடம் விடுங்கள். ஏஆர்சி வயரை மட்டும் மாட்டி, டிவியை ஆன் செய்து முழுசாக வந்த பிறகு ஆம்பை ஆன் செய்யுங்கள். சத்தம் வந்தால், எல்லாவற்றையும் ஆஃப் செய்து பிளக்கை எடுத்து, மற்ற சாதனங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். எதைச் சேர்த்ததும் சத்தம் போகிறதோ, அந்தச் சாதனத்தின் மெனுவில் சிஇசியை ஆஃப் செய்யுங்கள்.

இன்வெர்ட்டர் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. டிவி இன்வெர்ட்டர் லைனில் இருக்கும், ஆம்ப் இருக்காது. கரண்ட் போனதும் ஆம்ப் அணையும். டிவி ஆனிலேயே இருப்பதால் ஆம்ப் போய்விட்டது என்று சொந்த ஸ்பீக்கருக்கு மாறிவிடும். கரண்ட் வந்த பிறகு பல டிவிகள் திரும்புவதில்லை. இன்வெர்ட்டர் தாங்குமானால் இரண்டையும் ஒரே லைனில் கொடுங்கள். பெரிய ஆம்பைச் சின்ன இன்வெர்ட்டரில் மாட்டச் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆப்டிகல்தான் என் முதல் சிபாரிசு. ஆப்டிகலில் இந்தப் பேச்சுவார்த்தையே இல்லை. டிவி அனுப்பிக்கொண்டே இருக்கும், ஆம்ப் எப்போது உயிர் வந்தாலும் வாங்கிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து பலனில்லை என்றால் வேறு எச்டிஎம்ஐ வயர். 2 மீட்டர் நல்ல வயராக இரவல் வாங்கிப் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் துளை அல்லது ஐசி. அது மெக்கானிக் வேலை.

## அறிகுறி: சத்தத்தோடு "ம்ம்ம்" என்று ஹம்

இதில்தான் ஆபத்தான வைத்தியங்கள் செய்கிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

முதல் சோதனை: ஆம்புக்குப் போகும் எல்லா இன்புட் வயர்களையும் கழற்றுங்கள், ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். ஹம் அப்படியே இருந்தால் அது ஆம்பின் சொந்தக் கோளாறு. பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம், அசெம்பிள்டு ஆம்பில் டிரான்ஸ்பார்மரும் போர்டும் மிக நெருக்கமாக வைத்திருக்கலாம். ஆடியோ மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஹம் நின்றுவிட்டதென்றால் வெளியிலிருந்து வருகிறது. வயர்களைத் திரும்ப மாட்டி, ஹம் வரும்போது செட்டாப் பாக்ஸின் பின்னால் உள்ள கேபிள்காரர் வயரை, அந்தத் தடித்த கோஆக்ஸியலை, மட்டும் கழற்றுங்கள். ஹம் சட்டென்று நின்றால் காரணம் அதுதான். கம்பம் கம்பமாக, மாடி மாடியாக வரும் அந்த வயரின் வெளிச்சுற்று வேறெங்கோ எர்த்தைத் தொட்டு வருகிறது. உங்கள் ஆம்பின் எர்த்தோடு அது சேர்ந்து ஒரு வளையம் ஆகிறது, அதில் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு சுற்றுகிறது. டிஷ் வயரிலும் இது வரும். வீட்டுக்குள் ஃபைபர் வந்திருந்தால் அந்த ஃபைபரால் வராது.

தீர்வு எளிது. டிவியிலிருந்து ஆம்புக்குப் போகும் சிவப்பு வெள்ளை வயரையோ எச்டிஎம்ஐயையோ எடுத்துவிட்டு ஆப்டிகல் போடுங்கள். ஒளியில் எர்த் போகாது, வளையம் அறுந்துவிடும்.

ஆப்டிகல் போட்டும் ஹம் போகவில்லை என்று சொல்பவர்களின் வீட்டில் நான் முதலில் பார்ப்பது கன்வர்ட்டர் பெட்டிக்கு பவர் எங்கிருந்து வருகிறது என்பதை. டிவியின் யூஎஸ்பியிலிருந்து எடுத்திருப்பார்கள். ஒளியில் அறுத்த வளையத்தை அந்த யூஎஸ்பி வயர் மறுபடி சேர்த்துவிடுகிறது. தனி மொபைல் சார்ஜரில் மாட்டினால் ஹம் போய்விடும். இத்தனை சின்ன விஷயத்துக்காக ஆம்பையே மாற்றியவர்கள் உண்டு.

அடுத்து: டிவியும் ஆம்பும் அறையின் இரண்டு மூலைகளில் வேறு வேறு பாயின்ட்டில் இருந்தால், எர்த் உள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றில் இரண்டையும் மாட்டிப் பாருங்கள்.

கடைசியாக வீட்டு எர்த். பழைய வட ஆற்காடு முழுக்கப் பாறையும் வறண்ட மண்ணும் உள்ள இடங்கள் ஏராளம். வீடு கட்டும்போது போட்ட எர்த் குழியில் ஈரம் இல்லாமல் போனால் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். கோடையில் ஹம் அதிகமாகி, மழைக்காலத்தில் குறைந்தால் இதையே சந்தேகப்படலாம். குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் வித்தியாசம் தெரிந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குழியைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஹம் போவதற்காக ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைப்பதும், எர்த் வயரை உள்ளே வெட்டிவிடுவதும் நம் ஊரில் நடக்கிறது. ஹம் நிற்பது உண்மைதான். ஆனால் அதன் பிறகு உள்ளே ஒரு வயர் உரசி கேபினட்டைத் தொட்டால், அந்த மின்சாரம் போக வேறு வழியே இல்லை, தொடுகிற ஆளின் உடம்புதான் வழி. அந்த வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். எந்த மெக்கானிக் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள். ஆம்பையோ டிவியையோ தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறதென்றால் இந்தக் கட்டுரையை அங்கேயே நிறுத்திவிட்டு, மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: உதடும் பேச்சும் ஒத்துப்போகவில்லை

செய்தி வாசிப்பவரைப் பாருங்கள், எது முந்துகிறது என்று முடிவு செய்யுங்கள்.

சத்தம் முந்தினால் சுலபம். ஆம்பிலோ டிவியிலோ "லிப் சிங்க்", "ஆடியோ டிலே" என்று இருக்கும். 40 மில்லி செகண்டில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

சத்தம் பிந்தினால் டிலேயைக் கூட்டினால் மோசமாகும். டிவி, ஆம்ப் இரண்டிலும் டிலேயைப் பூஜ்யமாக்குங்கள். டிவியின் அவுட்புட்டை பிசிஎம் ஆக்குங்கள். ஆம்பில் சரவுண்டு, ஹால், தியேட்டர் என்று போட்டிருக்கும் எஃபெக்ட்களை எடுத்து டைரக்டில் வையுங்கள். டிவியில் கேம் மோடு ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள், அது படத்தை முந்த விடுகிறது. புளூடூத்தில் இணைத்திருந்தால் வயருக்கு மாறுவதே சரியான தீர்வு.

ஒரே ஒரு சேனலில் மட்டும் இருந்தால் உங்கள் வீட்டில் கோளாறு இல்லை.

## அறிகுறி: டிவி ரிமோட்டில் ஆம்ப் வால்யூம் மாறவில்லை

ஆப்டிகலில் சத்தம் பெரும்பாலும் ஒரே அளவில்தான் வெளியே போகும். ஆம்ப் ரிமோட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டு ரிமோட் சிரமம் என்றால் ஏஆர்சிக்குப் போவது நியாயமான காரணம். அதில் சிஇசி ஆனில் இருந்தால் டிவி ரிமோட்டே ஆம்பைக் கூட்டிக் குறைக்கும். ஏஆர்சி இல்லாத ஆம்ப் என்றால், வால்யூம் கட்டுப்பாட்டோடு தனி ரிமோட் உள்ள டிஏசி வாங்கலாம்.

## அறிகுறி: 5.1 ஆம்ப், ஆனால் முன் ஸ்பீக்கர் இரண்டு மட்டும் பாடுகிறது

ஆப்டிகலில் பிசிஎம் என்றால் ஸ்டீரியோ மட்டும்தான். 5.1 வேண்டுமென்றால் டிவியில் பிட்ஸ்ட்ரீம் அல்லது டால்பி டிஜிட்டல் தேர்வு செய்ய வேண்டும், ஆம்பில் டிகோடரும் இருக்க வேண்டும். புரோலாஜிக் போர்டு மட்டும் உள்ள அசெம்பிள்டு ஆம்பில் டால்பி டிகோடர் போர்டு ஒன்றைச் சேர்த்துக் கட்டித் தரச் சொல்லலாம். ஆம்ப் கட்டுபவர்களுக்குப் பழக்கமான வேலைதான். போர்டு உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும்.

சோதிப்பதற்குக் கேபிள் சேனலை நம்ப வேண்டாம், பெரும்பாலானவை ஸ்டீரியோதான். ஆப்பில் 5.1 என்று போட்ட படத்தை வைத்துப் பாருங்கள். செட்டாப் பாக்ஸ் டால்பி கொடுத்தும் வரவில்லை என்றால், சில டிவிகள் எச்டிஎம்ஐயில் வருவதை ஆப்டிகலுக்கு ஸ்டீரியோவாக மாற்றித்தான் அனுப்பும். அப்போது செட்டாப் பாக்ஸில் ஆப்டிகலோ ஆரஞ்சுத் துளையோ இருந்தால் அதிலிருந்தே நேராக ஆம்புக்கு எடுங்கள். மேலிருந்தும் சத்தம் தரும் டால்பி அட்மாஸ் ஆப்டிகலில் வராது. அதற்கு ஏஆர்சி அல்லது ஈஏஆர்சி வேண்டும், அட்மாஸ் தெரிந்த ஆம்பும் வேண்டும்.

## அறிகுறி: இடி மின்னலுக்குப் பிறகு எல்லாம் நின்றுவிட்டது

டிவி ஆன் ஆகிறது, படம் வருகிறது, ஒரு எச்டிஎம்ஐ துளை மட்டும் செத்துவிட்டது என்றால் கேபிள் வயர் வழியாக வந்த அதிர்ச்சிதான் பெரும்பாலும் காரணம். செட்டாப் பாக்ஸை வேறு துளைக்கு மாற்றுங்கள். செத்தது ஏஆர்சி துளை என்றால் ஆப்டிகலைச் சோதியுங்கள். எச்டிஎம்ஐ போன டிவிகளில் ஆப்டிகல் பிழைத்திருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆப்டிகல் வேலை செய்தால் டிவியைத் திறக்கவே வேண்டாம்.

ஆம்ப் பக்கமும் சந்தேகம் என்றால், பக்கத்து வீட்டு டிவிடி பிளேயரையோ வேறு டிவியையோ கொண்டுவந்து அதே ஆம்பில் மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய நிலை வந்தால் போனில் இவ்வளவும் சொல்லுங்கள்: டிவி, ஆம்ப் மாடல் எண், எந்தத் துளை, பிசிஎம்மில் வைத்துப் பார்த்தது, வேறு வயர் போட்டுப் பார்த்தது, சிவப்பு ஒளி வருகிறதா இல்லையா. சோதித்துப் பார்த்தவர் என்று தெரிந்தால் அவரும் சரியான பாகத்தோடு வருவார். மெயின் போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால், எச்டிஎம்ஐ ஐசியை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள், மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கிளம்பும் முன் பிசிஎம்மில் ஒரு தடவை, உங்கள் வழக்கமான ஆப்பில் ஒரு தடவை, செட்டாப் பாக்ஸில் ஒரு தடவை சத்தம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.